கையில் எதையாவது உருட்டினால்தான் காதில் ஏறுகிறது: ஏடிஹெச்டி உள்ளவர்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கேத்தி_கணக்கு

வணக்கம். ஊட்டி பக்கம் கேத்தியில் வீட்டிலிருந்தே வேலை, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு பார்க்கிறேன். போன வருடம்தான் கோவையில் ஒரு மனநல மருத்துவர் ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு, என்று சொன்னார், துறுதுறு வகை இல்லை, கவனம் நிற்காத வகை. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

என் பிரச்சினை மீட்டிங். ஒன்றரை மணி நேரம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் கேட்டால் போதும், பேச வேண்டியதில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் கை தானாக மொபைலுக்குப் போகும். போனால் போனதுதான். அப்புறம் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால் முழிப்பேன். கையில் வேறு எதையாவது வைத்து உருட்டிக்கொண்டிருந்தால் பேச்சு காதில் ஏறுகிறது என்று கவனித்திருக்கிறேன். ஆனால் பேனாவை டிக் டிக் என்று அமுக்கினால் மைக்கில் கேட்கிறது. ஆன்லைனில் ஸ்பின்னர் வாங்கினேன், அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், மொபைலுக்கு அதுவே தேவலை என்று சொல்ல முடியாது.

நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்? தியானம் செய், விடியற்காலை எழுந்திரு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கிறது.

மலைரயில்

உட்கார்ந்து காலாட்டினால் எங்கள் பாட்டி தொடையில் ஒன்று வைப்பார். காலாட்டுகிற வீட்டில் லட்சுமி தங்க மாட்டாளாம். என் கால் ஆடிய ஆட்டத்துக்கு அவள் எப்போதோ மேட்டுப்பாளையம் இறங்கிப் போயிருப்பாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கற்பூர மரத்துக் காய். காசு கிடையாது, லவ்டேல் பக்கம் எந்த ரோட்டோரம் நின்றாலும் பொறுக்கலாம். நன்றாகக் காய்ந்த காயாகப் பாருங்கள், ஓரத்தில் வரி வரியாக எழும்பியிருக்கும், மேலே சொரசொரப்பு, கட்டை விரலுக்குச் சரியான வேலை. ஸ்வெட்டர் பாக்கெட்டிலேயே கிடக்கிறது. நம் ஊரில் ஒரு வசதி, வருடம் முழுக்க பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

டீச்சர்_குன்னூர்

வகுப்பில் நிற்பவள் பக்கத்திலிருந்தும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா, அதனால் எழுதுகிறேன். 2017-ல் ஸ்பின்னர் வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் கையில் அது. எவன் பென்சில் முனையில் நிறுத்திச் சுற்றுகிறான், எவனுடையது அதிக நேரம் ஓடுகிறது என்று பந்தயம். கொரோனா முடிந்து வந்த பிறகு பாப் இட், அதுதான் விரலால் அமுக்கினால் டப்பென்று குழியும் ரப்பர் குமிழ்கள். ஒவ்வொன்றையும் வாங்கிக் கொடுத்த பெற்றோர் "கவனத்துக்கு நல்லது மிஸ், பாக்கெட்டிலேயே போட்டிருக்கு" என்றார்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்தால் மருந்தாகிவிடுமா?

ஏடிஹெச்டி இல்லை என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் நிச்சயம் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒருவனுக்கு அனுமதித்தால் பின்னால் இருக்கும் 40 பேருக்கும் என்ன பதில் சொல்வது என்று யாராவது சொல்லிக் கொடுங்கள், அப்புறம் பேசலாம்.

மஞ்சூர்_அம்மா

டீச்சர் சொன்னது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த ஒருவனுடைய அம்மா நான். மகன் நாலாம் வகுப்பு. அவனுக்கு ஏடிஹெச்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாப் இட் கொடுத்து அனுப்பினேன், பள்ளியில் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பேசினார்கள். அதற்கப்புறம் அவன் எதுவும் கொண்டு போவதில்லை. அதற்குப் பதிலாகச் சட்டைக் காலரை மெல்லுகிறான். பென்சில் எல்லாம் பல் தடம். குளிர் நாளில் காலர் ஈரமாகவே இருந்து கழுத்தில் புண் வந்துவிட்டது.

கையில் எதுவும் இல்லாவிட்டால் அடங்கி உட்காருவான் என்று நினைக்கிறார்கள். அவன் உடம்பு வேறு வழி தேடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஓடி_கோத்தகிரி

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், கோத்தகிரி சொந்த ஊர், வேலை கோவையில். பிள்ளைகளோடுதான் பெரும்பாலும் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அசைவது உதவுகிறதா என்பது ஒன்று. கடையில் விற்கும் பொருள் உதவுகிறதா என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் 8 முதல் 12 வயதுப் பையன்களை உட்கார வைத்து, எழுத்தையும் எண்ணையும் மனதில் வைத்து வரிசைப்படுத்திச் சொல்லும் வேலை கொடுத்தார்கள். ஏடிஹெச்டி உள்ள பையன்களில் அதிகம் நெளிந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏடிஹெச்டி இல்லாத பையன்களிடம் நேர்மாறு, அசைவு கூடினால் தப்பும் கூடியது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 10 முதல் 17 வயதுள்ளவர்களின் கணுக்காலில் அசைவுமானி கட்டிப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே கதைதான், ஏடிஹெச்டி உள்ளவர்கள் சரியான பதில் சொன்ன நேரங்களில் கால் அதிக வலுவோடு ஆடியிருந்தது.

ஏன் அப்படி? இன்னும் விவாதம் நடக்கிறது, ஆனால் பலர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் விழிப்பு நிலை பற்றியது. சலிப்பான வேலையில் ஏடிஹெச்டி மூளையின் விழிப்பு சீக்கிரம் இறங்கிவிடுகிறது, டோபமைன், நார்எபிநெஃப்ரின் இரண்டும் இதில் சம்பந்தப்பட்டவை. பர்லியாறு தாண்டி ஏற்றத்தில் டாப் கியரிலேயே போனால் வண்டி திணறி நின்றுவிடும் இல்லையா, செகண்டுக்கு மாற்றி இன்ஜினைக் கொஞ்சம் உறும விட்டால்தான் ஏறும். கை கால் ஆடுவது அந்த உறுமல். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் டீச்சர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்பின்னரை வைத்தே ஃப்ளோரிடாவில் ஏடிஹெச்டி உள்ள சின்னப் பிள்ளைகளிடம் வகுப்பறையில் சோதித்துப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். முதலில் பிள்ளைகளின் அசைவு குறைந்தது. ஆனால் பாடத்தைக் கவனிப்பதும் குறைந்தது, அது கடைசி வரை சரியாகவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு வீடியோ பாடம் போட்டுக் காட்டிய வேறொரு ஆய்விலும் ஸ்பின்னர் வைத்திருந்தவர்களுக்கு நினைவில் நின்றது குறைவு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: கண்ணைக் கேட்கிற பொருள் விளையாட்டுச் சாமான், கையோடு நின்றுவிடுகிற பொருள்தான் உபயோகமானது. ஸ்பின்னர் சுற்றும்போது பார்க்காமல் இருக்க முடியாது, செய்ததே அதற்குத்தான். கேத்திக்காரர் சொன்னதும் இதுதான்.

மலைரயில்

அப்போது என் கற்பூரக் காய் பாஸ்.

ஓடி_கோத்தகிரி

நல்ல மார்க்கோடு பாஸ். சத்தம் இல்லை, சொரசொரப்பு உண்டு, பார்க்க ஒன்றும் இல்லை, தொலைந்தால் அழ வேண்டியதில்லை. ஆனால் எதையும் வாயில் போடும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மரத்தூள்

நான் கடைசல் வேலைக்காரன், கோத்தகிரிதான். டாக்டரிடம் போனதில்லை, ஆனால் நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் படித்தால் என்னைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது. பள்ளியில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன், எட்டாவதோடு விட்டாயிற்று. பட்டறையில் நாள் முழுக்க நிற்பேன், ஒரு அலுப்பு வராது. கை ஓடிக்கொண்டே இருக்கிறது, மிஷின் சத்தம் இருக்கிறது, உளி சறுக்கினால் விரல் போகும் என்கிற பயம் இருக்கிறது, மனம் எங்கே போகும்? ஆனால் பேங்கில் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லுங்கள், பாதியில் எழுந்து வந்துவிடுவேன்.

சில்வர் ஓக் துண்டு மிஞ்சினால் பெருவிரல் நீளத்துக்கு உருட்டி, நடுவில் ஒரு குழி எடுத்து வைத்துக்கொள்வேன். கட்டை விரல் அந்தக் குழியில் போய்ப் போய் வரும். சர்ச்சில் பிரசங்கம் முழுவதும் கேட்பதற்கு அதுதான் துணை. இரும்பில் செய்யாதீர்கள், டிசம்பரில் தொட முடியாது.

நைட்ஷிஃப்ட்

மரத்தூள் அண்ணா சொன்ன சத்தம் விஷயம் எனக்கும் உண்டு. டீ பேக்டரியில் பல வருடம் ராத்திரி ஷிஃப்ட். வாட்டுகிற இடத்தில் ஃபேன் ஓடும், இந்தப் பக்கம் இலையை நறுக்கும் சிடிசி ரோலர் ஓடும், அந்த இரைச்சலில் நின்றுகொண்டு என்னால் கணக்கு நோட்டு ஒரு தப்பில்லாமல் எழுத முடிந்தது. இப்போது கடை வைத்திருக்கிறேன், அமைதியான இடம், அதே கணக்கை எழுத முடியவில்லை. மனைவி நம்பவில்லை, சாக்கு என்கிறாள். இதற்கும் ஏதாவது ஆராய்ச்சி இருக்கிறதா?

ஓடி_கோத்தகிரி

இருக்கிறது. ஸ்வீடனில் 2007-ல் செய்தார்கள். வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வரும் இரைச்சல் போல ஒன்றைப் போட்டுவிட்டு நினைவுப் பயிற்சி கொடுத்தால், ஏடிஹெச்டி பிள்ளைகள் முன்னேறினார்கள், மற்ற பிள்ளைகள் பின்தங்கினார்கள். சீரான சத்தமாக இருக்க வேண்டும். பாட்டு வேறு, பாட்டில் வார்த்தை இருக்கிறது, அதற்கு மூளை போய்விடும். உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். அதற்காக இதை வைத்து உங்களுக்கு ஏடிஹெச்டி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொடை_கம்பளி

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் தெருவில் ஸ்வெட்டர், குல்லாய் பின்னுகிற பெண்கள் நிறைய. எனக்கு ஏடிஹெச்டி என்று தெரிந்தது நாற்பதுக்கு மேல், மகளைக் காட்டப் போன இடத்தில். டாக்டர் அவளிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனதுக்குள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் நான் பின்னிக்கொண்டேதான் உட்காருவேன். பின்னல் கையில் இருந்தால் யார் எவ்வளவு கடன் கேட்டார், எப்போது கட்டுவதாகச் சொன்னார் எல்லாம் நினைவில் இருக்கும். பின்னல் இல்லாமல் போனால் கூட்டம் முடிந்து வரும்போது டீயோடு என்ன கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் ஞாபகம். ஆனால் ஒன்று, ஒரே நிறத்தில் ஒரே தையலாகப் போகிற மஃப்ளர் மாதிரி வேலையாக இருக்க வேண்டும். கழுத்து வளைவுக்குக் குறைக்கிற இடம் வந்தால் எண்ண வேண்டும், அப்போது காது மூடிக்கொள்கிறது. கூட்டத்துக்கு என்று ஒரு மஃப்ளர் தனியாக வைத்திருக்கிறேன். வருகிற மழைக்காலத்துக்குள் யார் கழுத்துக்குப் போகும் என்று தெரியாது.

டீச்சர்_குன்னூர்

இது நல்ல கருத்து. எங்கள் பக்கத்தில் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரி இருக்கிறதே, அதைக் கைத்தொழில் வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவுமோ என்று தோன்றியது.

கொடை_கம்பளி

டீச்சர், அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? துணியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு தைப்பதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் சிவப்பும் கறுப்பும் ஏறும். ஒரு இழை தவறினால் வரிசை கோணலாகிவிடும். 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தது சும்மாவா? பழகின அம்மாக்கள் பேசிக்கொண்டே போடுவார்கள், அது அவர்கள் சின்ன வயதிலிருந்து செய்வது. புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு அதுவே முழு வேலை, பாடம் கேட்க இடமிருக்காது. தனி வகுப்பாகச் சொல்லிக் கொடுங்கள், அழகான விஷயம், ஆனால் கணக்கு வகுப்பில் கையில் கொடுக்க அது ஆகாது.

கேத்தி_கணக்கு

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கொடைக்கானல் அக்கா சொன்ன 'எண்ண ஆரம்பித்தால் காது மூடிக்கொள்கிறது' என்பது எனக்கு அப்படியே பொருந்துகிறது. நான் மீட்டிங்கில் ரூபிக்ஸ் க்யூபும் வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் சேரும்போது மொத்தப் பேச்சும் போய்விடும்.

ஆனால் என் கேள்வி இன்னும் பாக்கி. கேட்கும்போது சரி. கணக்கு பார்க்கும்போது, அதாவது இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது என்ன செய்வது?

ஓடி_கோத்தகிரி

கை வேலை செய்தால் காலுக்குக் கொடுங்கள். நாற்காலியின் முன்னங்கால் இரண்டுக்கும் குறுக்கே பழைய ட்யூபை இறுக்கிக் கட்டி, பாதத்தால் அதை அமுக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருக்கலாம். பள்ளிகளில் இதற்கென்று விலைக்கு ஒன்று விற்கிறார்கள், பஞ்சர் கடையில் கேட்டால் ட்யூபைச் சும்மாவே கொடுப்பார்கள். நம் ஊரில் சைக்கிள் ட்யூப் தேடினால் கிடைக்காது, ஸ்கூட்டர் ட்யூபை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தை மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு மேசையின் அடியில் ஒட்டிவிடுங்கள். மவுஸ் பிடிக்காத கை அங்கே போகும். யார் கண்ணிலும் படாது, கீழே விழாது, தூக்கிப் போட முடியாது. டீச்சர், இதை உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

டீச்சர்_குன்னூர்

மேசைக்கு அடியில் ஒட்டுவது எனக்குச் சம்மதம். கண்ணில் படாததற்கு அடுத்தவன் அழ மாட்டான். ட்யூபும் சரி, முதலில் இரண்டு பேர் இழுத்து விளையாடுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

ஆனால் விதி இல்லாமல் எதையும் விடமாட்டேன். கையிலோ மடியிலோ இருக்க வேண்டும், மேசை மேல் வரக் கூடாது. மேலே எறிந்தால், அடுத்தவனுக்குக் காட்டினால், அன்றைக்கு என் மேசைக்கு வந்துவிடும், மறுநாள் காலை திரும்பக் கிடைக்கும். பறிமுதல் செய்து வருடக் கடைசி வரை பூட்டி வைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. சமமாக நடத்துவது பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு, கண்ணாடி போட்டவனைப் பார்த்து எனக்கும் கண்ணாடி வேண்டும் என்று நீ கேட்பதில்லையே என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

மஞ்சூர்_அம்மா

இப்படி ஒரு டீச்சர் எங்கள் பையனுக்குக் கிடைத்திருந்தால்! சரி, மெல்லுவதற்கு என்ன செய்வது? கழுத்தில் மாட்டும் சிலிகான் பதக்கம் என்று ஆன்லைனில் பார்த்தேன், விலை பார்த்துப் பயந்துவிட்டேன்.

ஓடி_கோத்தகிரி

அம்மா, பாப் இட் போனதும் வாய்க்கு வேலை தேடிக் காலருக்கு வந்திருக்கிறான், இப்போது கையில் மட்டும் எதையாவது கொடுத்தால் போதாது. முதலில் சாப்பாட்டில் ஆரம்பியுங்கள். காலையில் பள்ளிக்குப் போகும் முன் கடித்து மெல்ல வேண்டியது ஏதாவது: கேரட், வறுத்த கடலை, மொறுமொறுவென்று ரஸ்க். கேரட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தண்ணீர் பாட்டில் உறிஞ்சுகிற மூடியோடு இருக்கட்டும், இழுத்துக் குடிப்பதும் வாய்க்கு வேலைதான். பென்சில் முனையில் மாட்டுகிற தடித்த சிலிகான் குழாய் பதக்கத்தை விட மலிவு. உணவுக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், வாரம் ஒருமுறை பல் கிழித்திருக்கிறதா என்று பாருங்கள், கிழிந்தால் தூக்கிப் போடுங்கள்.

இதைப் படிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. சின்னச் சின்னக் காந்த உருண்டைகளை மன அழுத்தத்துக்கு நல்லது என்று விற்கிறார்கள், பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். லைட் எரிகிற ஸ்பின்னரில் பட்டன் பேட்டரி இருக்கிறது, அதை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்துவிடலாம். மஞ்சூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மஞ்சூர்_அம்மா

லைட் எரிகிற ஒன்று வீட்டில் இருக்கிறது. இப்போதே எடுத்துவிடுகிறேன். ரஸ்க் அவனுக்குப் பிடிக்கும், டீயில் நனைக்காமல் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.

புதுசு_குந்தா

ரொம்ப நாளாகப் படிப்பவன், முதல் முறை எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. வகுப்பில் நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் போட்டுக்கொண்டே இருப்பேன், கட்டம் கட்டமாகக் கறுப்படிப்பேன். சார் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லிக் கேள்வி கேட்பார், பதில் சொல்லிவிடுவேன், அவருக்கு அது இன்னும் கோபம். எனக்கு ஏடிஹெச்டி இருக்குமோ?

ஓடி_கோத்தகிரி

தம்பி, கிறுக்குவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது, 40 பேருக்கு வேண்டுமென்றே சலிப்பான ஒரு தொலைபேசிப் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேர் கட்டங்களுக்குள் பென்சிலால் நிழல் அடித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு கேட்டபோது அவர்களுக்கு 29 சதவீதம் அதிகம் நினைவிருந்தது. அவர்கள் ஏடிஹெச்டி உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. கட்டத்துக்குள் கறுப்படிப்பதும் ஆளை வரைவதும் ஒன்றல்ல என்பதையும் கவனித்துக்கொள், முகம் வரைய ஆரம்பித்தால் மூக்கு சரியாக வந்ததா என்று யோசிக்க வேண்டும்.

ஏடிஹெச்டி என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, கல்லூரி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், வாழ்க்கையை உண்மையிலேயே தடுக்க வேண்டும். தூக்கமின்மை, பதற்றம், தைராய்டு இவற்றாலும் கவனம் சிதறும், அதையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போ. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் பேசு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

புதுசு_குந்தா

நன்றி அக்கா. அக்காதானே?

ஓடி_கோத்தகிரி

அக்காதான்.

நைட்ஷிஃப்ட்

எல்லாம் சரி, ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. எதை வாங்கினாலும் கொஞ்ச நாளில் கை பழகிவிடுகிறது. முதலில் ஆஹா என்று இருக்கும், அப்புறம் எங்கே வைத்தேன் என்றே தெரியாது, கை மறுபடி மொபைலுக்குப் போகும். எனக்கு மட்டும்தானா?

மலைரயில்

எல்லோருக்கும்தான். எங்கள் வீட்டு டிராயரைத் திறந்தால் ஒரு சின்னக் கடை போடலாம்.

கொடை_கம்பளி

நான் மாற்றி மாற்றி வைக்கிறேன். பின்னல், ஜெபமாலை மணி, கழற்சிக்காய். அம்மா ஊரிலிருந்து வந்த கழற்சிக்காய், வழுவழு என்று கனமாக, உள்ளங்கையில் இரண்டைப் போட்டு உருட்டினால் சுகமாக இருக்கும், ஆனால் உரசும் சத்தம் வரும், ஒன்று போதும். ஒன்று அலுத்தால் அதை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும், கண் முன்னால் எல்லாவற்றையும் பரப்பி வைத்தால் எதுவும் வேலை செய்யாது. மறுபடி எடுக்கும்போது புதிது மாதிரி இருக்கிறது.

ஜெபமாலையைப் பற்றி எங்கள் பங்கில் ஒருவர் முகம் சுளித்தார். நான் செபம்தான் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன், பாதி நேரம் அது உண்மையும்கூட.

கேத்தி_கணக்கு

நேற்று ஆடிட் மீட்டிங். மேசை அடியில் வெல்க்ரோ ஒட்டினேன், மொபைலை அடுத்த அறையில் சார்ஜில் போட்டேன். வெல்க்ரோ உதவியதா, மொபைல் தூரத்தில் இருந்தது உதவியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கும். கடைசி இருபது நிமிடம் மறுபடி நழுவியது. அப்போது எழுந்து நின்றுகொண்டேன், கேமரா கழுத்துக்கு மேல்தான் காட்டுகிறது. மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, "கேட்கும்போது கையில் ஏதாவது வைத்திருப்பேன், கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் காலாட்டுகிற ஆள்தான்.

ஓடி_கோத்தகிரி

அப்படிச் சொன்னது நல்லது. மொபைலை அறையிலிருந்து எடுப்பது இந்த எல்லாப் பொருளையும் விடப் பெரிய உதவி. ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கையில் உருட்டுவது மாத்திரைக்கோ சிகிச்சைக்கோ மாற்று இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்லை உருட்டலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது, மலையில் எல்லாக் கடையிலும் இருக்காது, கடைக்காரர் சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்வார். தீரும் முன்பே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துவிட்டால் கோவை போய் வாங்க முடியாது.

டீச்சர்_குன்னூர்

மரத்தூள் அண்ணா, இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களா? நடுவில் குழி எடுத்த அந்தச் சில்வர் ஓக் துண்டு பற்றித்தான். இரண்டு பிள்ளைகளுக்கு வேண்டும், நான் ஒன்றை என் மேசையில் வைத்துக்கொள்வேன், ஆக மூன்று. எல்லாம் ஒரே மாதிரி, பெயர், படம் எதுவும் செதுக்க வேண்டாம், செதுக்கினால் அடுத்தவனுக்குக் காட்டுவான். பாலிஷும் வேண்டாம், வாயில் வைப்பார்கள்.

மரத்தூள்

செய்து தருகிறேன் டீச்சர். உப்புத்தாளில் நைசாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் மட்டும் தடவித் தருகிறேன். பிள்ளைகள் விரல் சின்னது, குழியின் அகலத்தைக் குறைக்க வேண்டும், எந்த வகுப்பு?

டீச்சர்_குன்னூர்

ஒருவன் மூன்றாவது, ஒருத்தி ஐந்தாவது. விலையைச் சொல்லுங்கள், இனாமாக வேண்டாம்.

மரத்தூள்

மிச்சத் துண்டுக்கு என்ன விலை டீச்சர். சரி, டீ செலவுக்குக் கொடுங்கள். வியாழக்கிழமை குன்னூர் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைரயில்

அண்ணா, நாலாகச் செய்யுங்கள். என் காயை மனைவி வாஷிங் மிஷினில் போட்டுவிட்டாள்.